வேலையோடு வந்த மெடல்

தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சுரங்கத்தில், வாசல் காவலுக்குச் சேருகிறவனிடம் ஐந்து சாமான்களை ஒப்படைப்பார்கள். ஒரு காக்கிக் கோட்டு, ஒரு தடி, ஒரு விசில், ஒரு லாந்தர், ஒரு மெடல். மெடல் தனியாக வராது. கோட்டின் இடது மார்பில், சிவப்பும் நீலமுமான நாடாவோடு தைக்கப்பட்டே வரும். நல்ல வெள்ளி. ஒரு பக்கம் மகாராணியின் தலை. மறுபக்கம் சிறகு முளைத்த பெண்பிள்ளை ஒருத்தி யாரோ ஒரு வீரனின் தலையில் எதையோ கவிழ்க்கிறாள். இதை யார், எந்தச் சண்டையில் வாங்கினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. லாந்தரை யார் வாங்கினார் என்று கேட்கிறோமா?

அந்த ஊர் நியாயம் அப்படி. ஒருவன் ஆம்பூர்ப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போனால், அவனுடைய பித்தளைப் பில்லையை வாங்கிக்கொண்டு, அவன் பெயரிலேயே மச்சான்காரன் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குவான். பில்லை யார் கையில் இருக்கிறதோ அவன்தான் ஆள். ஷிப்டு இறங்கும் முன் எழுத்தர் பெயர் கூப்பிடுவார். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார். ஆகையால் மூன்றாவது தரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எவனாவது "ஆஜர்!" என்று கத்திவிடுவான். யாருடைய பெயர் என்று யோசிக்கமாட்டான். ஒருவன் பிழைப்பு போகிற நேரத்தில் விசாரணை எதற்கு?

மெடலை முதலில் போட்டிருந்தவர் ஏனோக். அவருக்குக் கண் மங்கியதும் ஏசுபாதத்திடம் போயிற்று. ஏசுபாதத்தைக் கீழே பம்பு வேலைக்கு மாற்றியதும் சம்பங்கியிடம் வந்தது. சம்பங்கி அதை ஆறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவன் மனைவி பார்வதம்மா திருநீறு போட்டு அதைத் துலக்கி, மகாராணியின் நெற்றியில் குங்குமம் வைத்துத்தான் திருப்பிக் கொடுப்பாள். மகாராணியும் ஒன்றும் சொன்னதில்லை.

சம்பங்கியைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பார்வதம்மாவுக்கும் தெரியாது. அந்தக் கோட்டைப் போட்ட மூன்று பேரில் நிஜமாகவே பர்மா சண்டைக்குப் போய்வந்தவன் அவன் ஒருவன்தான். அப்போது அவன் பெயர் சம்பங்கி இல்லை. சின்னசாமி.

ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தாறில், மழைக்காலத்தில், பர்மாவில் ஓர் ஆற்றங்கரையில் சிப்பாய் சின்னசாமியை நிறுத்தினார்கள். மூங்கில் பாலம் ஒன்று. "அடுத்த ஆள் வருகிறவரைக்கும் இதைக் காவல் பார்" என்று சொல்லிவிட்டுப் பட்டாளம் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போயிற்று. அடுத்த ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போனது. சின்னசாமி பாலம் இருந்த இடத்தைக் காவல் பார்த்தான். இன்னும் ஐந்து நாள். எட்டாம் நாள் பொட்டலத்தில் இருந்த அரிசியும் தீர்ந்தது. அக்கரையில் புகைகூட இல்லை. பட்டாளம் எப்போதோ கிளம்பிவிட்டது. அவன் ஒருவனைப் பாலத்தோடு சேர்த்து மறந்துவிட்டார்கள்.

காவலை விட்டு நகர்ந்தால் சுட்டுவிடுவார்கள் என்று ஹவில்தார் சொல்லியிருந்தார். நகராவிட்டால் பட்டினியில் சாக வேண்டும். சுடுகிறவன் தேடிவந்து சுடட்டும் என்று சின்னசாமி நடந்தான். ரங்கூனுக்கு நடந்து, மூட்டை தூக்கிக் கப்பல் ஏறி, மெட்ராஸில் இறங்கி, ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல், பெயரை மாற்றிக்கொண்டு தங்க வயலுக்கு வந்து சேர்ந்தான். பதினாலு வருஷமாக, பூட்ஸ் சத்தம் கேட்டால் முதலில் ஓட வழி பார்ப்பான்.

அவனைப் பயமுறுத்திய இன்னொன்றும் உண்டு. அது வாசலில் நடக்கிற டிரில். கல்லில் தங்கம் இருக்கிறபடியால், ஷிப்டு முடிந்து மேலே வருகிற இருநூறு பேரையும் சோதித்துத்தான் வெளியே விடவேண்டும். அந்தச் சோதனைக்கு ஏனோக் ஒரு முறை ஏற்படுத்தி வைத்திருந்தார். ஏனோக் பெங்களூர்ப் பட்டாளத்தில் தையற்காரராக இருந்தவர். தைத்துக்கொண்டே நாளெல்லாம் பரேடு மைதானத்துச் சத்தத்தைக் கேட்டவர். நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. ஆகவே உத்தரவெல்லாம் மனப்பாடம். எந்த உத்தரவுக்கு என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் தெரியாது. அதனால் தமக்குத் தோன்றியபடி பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்.

"பிரசன்ட் ஆர்ம்ஸ்" என்றால் தூக்குச் சட்டியைத் தலைக்குமேல் தூக்கி மூடியைத் திறக்கவேண்டும். "அபௌட் டர்ன்" என்றால் தலைப்பாகையை அவிழ்த்து மூன்று தரம் உதறவேண்டும். "குயிக் மார்ச்" என்றால் நின்ற இடத்திலேயே குதிக்கவேண்டும். இடுப்பில் கல் இருந்தால் விழுந்துவிடும். "ஸ்டேண்ட் அட் ஈஸ்" என்றால் வாயை அகலத் திறந்து "ஆ" சொல்லவேண்டும். முறை நன்றாகத்தான் வேலை செய்தது. சம்பங்கியும் ஆறு வருஷமாக அப்படியே கத்திவந்தான். ஆனால் ஒவ்வொரு தரம் கத்தும்போதும் அவன் கால்கள் பழைய ஞாபகத்தில் துடிக்கும். அவற்றை அடக்குவதுதான் அவனுக்கு உண்மையான வேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் சீனாவில் சண்டை மூண்டது. கப்பல் கப்பலாகப் பட்டாளம் போயிற்று. பட்டாளத்துக்கு ஆள் போதவில்லை. ஆள் போதாத நேரத்தில்தான் ஓடிப்போனவர்களின் ஞாபகம் சர்க்காருக்கு வரும். கூடவே ஒரு புகாரும் போயிருந்தது: தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் காவல்காரர்கள் கண்ட மெடலையும் குத்திக்கொண்டு திரிகிறார்கள் என்று. இரண்டையும் சேர்த்து விசாரிக்க, பௌரிங்பேட்டையிலிருந்து ரயிலேறி சார்ஜன்ட் டக்ளஸ் வந்திறங்கினார். பெங்களூர் கண்டோன்மென்டில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார். முதுகெல்லாம் வேர்க்குரு. கையில் இரண்டு கட்டுக் காகிதம். வெள்ளைக் காகிதம் ஓடிப்போனவர்களுக்கு. நீலக் காகிதம் பொய் மெடல்காரர்களுக்கு.

பகல் இரண்டு மணி. காலை ஷிப்டு மேலே வந்து வாசலில் வரிசை பிடித்து நின்றது. டக்ளஸ் நேராகச் சம்பங்கியிடம் வந்தார். சம்பங்கி பூட்ஸைப் பார்த்தான், அப்புறம் நீலக் காகிதத்தைப் பார்த்தான். கொஞ்சம் மூச்சு வந்தது. நீலம் பொய் மெடலுக்கு என்றும், அதற்கு என்ன தண்டனை என்றும் எழுத்தர் முனிரத்தினம் காலையிலேயே சொல்லியிருந்தார். மெடலைப் பிடுங்கிக்கொண்டு, நாலு வார்த்தை திட்டி, ரேகை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்களாம். திட்டு வாங்குவதில் சம்பங்கிக்குப் பயம் இல்லை. கல்யாணமானவன்.

"இது யாருது மேன்?" என்றார் டக்ளஸ்.

"என்னுது இல்லீங்க தொரை. வேலையோட வந்துச்சு."

"வேலையோட மெடல் வருமா? மெடல் சண்டையோட வரும்."

"இங்க லாந்தரோட வரும்ங்க."

டக்ளஸ் மெடலைக் கோட்டிலிருந்து கழற்றினார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து, மெடலின் முகத்தைப் பார்க்காமல் அதன் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசு கனமுள்ள அந்த விளிம்பில் எறும்பு மாதிரி எழுத்துகள் ஓடுவது ஆறு வருஷத்தில் சம்பங்கிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"ஆயிரத்து நானூத்தி பதினேழு," என்று டக்ளஸ் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "சிப்பாய் சின்னசாமி."

சம்பங்கிக்குக் காது அடைத்தது. அந்த எண்ணைப் பதினாலு வருஷமாக யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. அவனுடைய எண். அவனுடைய பெயர். ஊரான் வீட்டுச் சாமான் என்று கூச்சத்தோடு குத்திக்கொண்டு திரிந்தது அவனுடைய சொந்த மெடல்!

டக்ளஸ் வெள்ளைக் கட்டைப் பிரித்து விரலால் பெயர்களைத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவர் முகம் மலர்ந்தது. "சின்னசாமி! ஓடிப்போனவன் லிஸ்டிலே இருக்கான்." நீலக் காகிதத்தை ஒரு கையிலும் வெள்ளைக் காகிதத்தை மறுகையிலும் பிடித்துக்கொண்டார். "கேளு மேன். நீ சின்னசாமியா இருந்தா மெடல் உன்னுது. அதிலே குத்தம் இல்லை. ஆனா ஓடிப்போனது குத்தம். இப்போ சண்டை நேரம். கோர்ட் மார்ஷல், சுட்டாலும் சுடுவாங்க. நீ சின்னசாமி இல்லேன்னா ஓடிப்போகலை. ஆனா மெடல் பொய். ரெண்டுலே ஒண்ணு நீ. எது?"

"நான் சம்பங்கிங்க," என்றான் சம்பங்கி. "மெடல் பொய்ங்க. சத்தியமா பொய்ங்க."

"திருடன் எல்லாம் இல்லேன்னுதான் சத்தியம் பண்ணுவான். நீ ஆமான்னு சத்தியம் பண்றே. அதான் சந்தேகமா இருக்கு."

வரிசையில் நின்றவர்களுக்குப் பசி. அவர்களில் ஒருவனான வேலு, "சார், ஏனோக்கையாவ கேளுங்க. அவருதான் மொதல்ல போட்டுக்கினு இருந்தாரு," என்றான். ஏனோக்கைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். எழுபத்திரண்டு வயது. கண்ணில் பூ விழுந்திருந்தது. பட்டாளத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்றதும் முதுகை நிமிர்த்தி, சுவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"இந்த மெடல் உனக்கு ஏது?" என்றார் டக்ளஸ்.

"நான்தான் எடுத்தேன் தொரை," என்றார் ஏனோக். "இந்த வயசுல இன்னா பண்ணிடுவீங்க? பர்மாலேர்ந்து பட்டாளம் வந்து, பெங்களூர்ல பரேடு வெச்சாங்க. தட்டுல மெடல அடுக்கி வெச்சிக்கினு ஒவ்வொரு பேரா கூப்பிட்டாங்க. எல்லாரும் வந்து வாங்கிக்கினு போனாங்க. சின்னசாமின்னு கூப்பிட்டாங்க. வரல. இன்னொரு தரம் கூப்பிட்டாங்க. மூணு தரம் கூப்பிட்டாங்க தொரை, நான் எண்ணினேன். ஒருத்தனும் வரல. அப்புறம்தான் ஆளு எங்கன்னு தேடினாங்க. ரெண்டு வருசமா ஆளே இல்ல! ரெண்டு வருசமும் ஹவில்தாரு கணக்குல ஆஜர்னு எழுதிக்கினே வந்துகிறாரு. உடனே ஓடிப்போனவன்னு எழுதிட்டாங்க. தட்டுல அது ஒண்ணுதான் மிச்சம். பாக்கப் பாவமா இருந்துச்சு. எடுத்துக்கினு வந்து, இங்க வேலைக்குச் சேந்ததும் இந்தக் கோட்டுல தெச்சிக்கினேன்."

சம்பங்கி ஆடாமல் அசையாமல் நின்றான். அவனுக்குக் கோபம் வந்தது. பதினாலு வருஷம் யாருக்குப் பயந்து ஒளிந்தானோ அவர்கள் இரண்டு வருஷம் அவன் இல்லாததையே கவனிக்கவில்லை. மெடல் மட்டும் வராதிருந்தால் இன்னும் அவன் கணக்கில் ஆஜராகவே இருந்திருப்பான். அவனைக் காட்டிக்கொடுத்ததே மெடல்தான். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மூன்று தரம் கூப்பிட்டார்கள். மைதானத்தில், எல்லாருக்கும் முன்னால், அவன் பெயரை. இப்போது அழுதால் சுட்டுவிடுவார்கள் என்று கண்ணை இறுக்கிக்கொண்டான்.

"கிழவன் பொய் சொல்லலாம்," என்றார் டக்ளஸ். "காலு பொய் சொல்லாது. பட்டாளத்துக் காலு உத்தரவு கேட்டா தானா ஆடும். பார்க்கிறேன்." இரண்டடி பின்னால் போய், நெஞ்சை நிமிர்த்தி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்: "பிரசன்ட் ஆர்ம்ஸ்!"

இருநூறு தூக்குச் சட்டிகள் வானத்துக்கு எழும்பின. இருநூறு மூடிகள் திறந்தன. மீந்த புளித்த குழம்பின் வாசனை சுரங்க வாசலை நிறைத்தது. சம்பங்கியின் கையில் தடி தானாக மேலே ஏறப் பார்த்தது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தி, காலியாக இருந்த இடது கையைச் சட்டிபோல் தலைக்குமேல் தூக்கினான்.

டக்ளஸ் திரும்பிப் பார்த்தார். என்ன நடக்கிறதென்று அவருக்கு விளங்கவில்லை. "அபௌட் டர்ன்!" என்றார். இருநூறு தலைப்பாகைகள் அவிழ்ந்து மூன்று தரம் படபடத்தன. கல் தூசி எழும்பி டக்ளஸுக்குத் தும்மல் வந்தது. தும்மலோடேயே "குயிக் மார்ச்!" என்றார். இருநூறு பேரும் நின்ற இடத்திலேயே குதித்தார்கள். தரை அதிர்ந்தது. அலுவலகத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த மேனேஜர் துரை, சுரங்கம் சரிந்துவிட்டது என்று வெளியே ஓடிவந்தார்.

"ஸ்டாப்! ஸ்டேண்ட் அட் ஈஸ்!" என்று டக்ளஸ் அலறினார்.

இந்த உத்தரவுதான் சம்பங்கிக்குப் பெரிய கண்டம். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்காது. பாலத்தடியில் எட்டு நாள் அவன் நின்றது இந்த நிலையில்தான். இடது கால் அரை அடி நகர்ந்தே விட்டது. டக்ளஸின் கண் அந்தக் காலுக்கு வந்தது. செத்தோம் என்று நினைத்துச் சம்பங்கி வாயைத் திறந்தான்.

"ஆ..." என்றான்.

"ஆஆஆ..." என்றார்கள் இருநூறு பேரும். கண் தெரியாத ஏனோக்கும் பல்லில்லாத வாயைத் திறந்து "ஆ" என்றார். டக்ளஸ் காலை மறந்து வாய்களைப் பார்த்தார். வெற்றிலைக் காவி ஏறிய இருநூறு வாய்களும் அவருக்காகத் திறந்து காத்துக்கொண்டிருந்தன. மூடு என்று சொல்கிற உத்தரவு எது என்று அவருக்குத் தெரியவில்லை. சம்பங்கிதான் விசில் ஊதி மூடவைத்தான்.

மேனேஜர் துரை கடிகாரத்தைக் காட்டினார். அடுத்த ஷிப்டு இறங்கவேண்டும், காவல்காரன் வேண்டும், சீக்கிரம் முடியுங்கள் என்றார். டக்ளஸ் முதுகைச் சொறிந்துகொண்டே வெள்ளைக் காகிதத்தைப் பிரித்தார். "கடைசியா ஒண்ணு. சட்டம் இருக்கு. ஊரறியப் பேரை மூணு தரம் கூப்பிடணும். பதில் இல்லேன்னா இங்கே ஆளில்லைன்னு எழுதிட்டுப் போறேன்." கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டார். "சிப்பாய் சின்னசாமி!"

பதில் இல்லை. சம்பங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான். பேசாமல் இரு. இரண்டு தரம்தான் பாக்கி. பேசாமல் இருந்தால் இந்தப் பெயர் இன்றோடு செத்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

"சிப்பாய் சின்னசாமி!"

வரிசையில் கொஞ்சம் சலசலப்பு. "யார்ரா அது சின்னசாமி? கீழ எந்த லெவல்ல வேல செய்றவன்?" என்று வேலு பக்கத்தில் கேட்டான். "தெரில. பேரு போய்டும்டா, பாவம்," என்றான் பக்கத்தில் நின்றவன். சம்பங்கி கண்ணை மூடினான். பெங்களூரில் அன்றைக்கும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள். அப்போதும் யாரும் பேசவில்லை. ஒரு ஆள்கூட அவனுக்காகப் பேசவில்லை.

"சிப்பாய் சின்னசாமி!"

"ஆஜர்!"

மூன்றாவது தரம் ஆயிற்றே. யார்தான் சும்மா இருப்பார்கள்? இருநூறு பேரும் கத்தினார்கள். இறங்கக் காத்திருந்த அடுத்த ஷிப்டும் சேர்ந்து கத்தியது. அந்த முழக்கத்துக்கு நடுவில், கோட்டுப் பொத்தான் தெறிக்க, எல்லாரையும்விடப் பெரிய குரலில் சம்பங்கியும் கத்தினான். பதினாலு வருஷத்து மூச்சு அது. அது யார் காதிலும் தனியாக விழவில்லை.

டக்ளஸ் கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். முந்நூறு நானூறு சின்னசாமிகளை எந்த ரயிலில் ஏற்றுவது? வெள்ளைக் காகிதத்தை மடித்துக் கட்டுக்குள் செருகினார். "இந்த ஊர்லே எல்லாரும் ஓடிப்போனவன்தான். இல்லேன்னா ஒருத்தனும் இல்லை. நான் சீனாவுக்கே போறேன்," என்று சொல்லி நீலக் காகிதத்தை நீட்டினார். 'இந்த மெடல் என்னுடையது அல்ல. இதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை' என்று அதில் எழுதியிருந்ததை முனிரத்தினம் படித்துக்காட்டினார். சம்பங்கி கட்டைவிரலை மையில் தோய்த்து, தன் மெடல் தன்னுடையது இல்லை என்று அழுத்தி ரேகை வைத்தான். மெடல் டக்ளஸின் பைக்குள் போயிற்று. நாலு வார்த்தை திட்டும் கிடைத்தது. கோட்டில் நாடா இருந்த இடம் மட்டும் வெளுக்காத காக்கியாகத் தெரிந்தது.

சாயந்திரம் வீட்டுக்குப் போனான். விஷயம் அவனுக்கு முன்பே சுரங்கத்து லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பார்வதம்மா கோட்டை வாங்கி, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எடுத்துக்கினாங்களா?"

"எடுத்துக்கினாங்க."

"போனா போவுது. அடுத்தவன் சாமான்தானே." களியைத் தட்டில் போட்டு, கீரைக் குழம்பை ஊற்றினாள். "அது யாருதாங்க?"

"யாரோ சின்னசாமியாம். பர்மால ஒரு பாலத்தைக் காவல் காத்தவனாம்."

"உசுரோட கீறானா?"

"தெரில. கூப்பிட்டாங்க. ஆஜர்னு சத்தம் வந்துச்சு."

பார்வதம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "பாவம். அவனுக்கும் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்திருப்பா. அவன் மெடல அவ கண்ணால பாத்துகூட இருக்க மாட்டா."

சம்பங்கி களியை உருட்டினான். அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தான். "பாத்துகிறா," என்றான். "வெள்ளிக்கெழமை தவறாம, திருநீறு போட்டுத் தொலக்கினா."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். குழம்புக் கரண்டி கையிலேயே இருந்தது. பிறகு எழுந்துபோய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து, மகாராணிக்கு வைப்பது போலவே அவன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். "சாப்புடுங்க," என்றாள். "களி ஆறுது."